கயிற்றில் ஒரு பேங்க்காரி

ஜூன் 4

அன்புள்ள குள்ளி,

சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். விழுந்தது நான்தானே.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறேன். தையல் மெஷினும் பழைய சூட்கேஸ்களும் கிடந்த கீழ் அறையைக் காலிசெய்து எனக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள். இடது தொடைக்குள் ஒரு நீளக் கம்பி. கணுக்காலில் கை நிறையத் திருகாணிகள். இத்தனை வருஷம் மலையில் நான் அடித்த ஆணிகளையெல்லாம் மலை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

தினமும் காலையில் ஒரு பிசியோ பையன் வருகிறான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. "மேடம், கட்டை விரல மட்டும் அசைங்க பார்ப்போம்" என்கிறான். பதினெட்டு வருஷம் மலையேறி, பதக்கம் வாங்கி, பத்திரிகை அட்டையில் வந்தவள், கட்டை விரலை அசைத்துக் காட்டிப் பாராட்டு வாங்குகிறேன். நடப்பேனாம். டாக்டர் அடித்துச் சொல்கிறார். மறுபடி ஏறுவேனா என்று கேட்டால் மட்டும் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கிறார்கள். என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நீ போன் செய்தபோது நான் எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறேன். அதனால் எழுது. காகிதத்தில் எழுதினால் இரண்டு தரம் படிப்பேன், எந்த இடத்தில் மழுப்புகிறாய் என்று தெரிந்துவிடும்.

மூன்றே கேள்வி. ஒன்று, அன்றைக்கு என்ன நடந்தது? எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. காலையில் நீ கொடுத்த டீயைக் குடித்தேன், அடுத்து ஆஸ்பத்திரி விட்டம். இரண்டு, இப்போது யாரோடு ஏறுகிறாய்? மூன்று, ஏன்டி என்னை ஒரு தரம்கூட வந்து பார்க்கவில்லை?

உன்,
நெட்டை


ஜூன் 13

என் அருமை நெட்டைக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டும் கிடைத்தது. உன் திட்டைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டதால் இரண்டு தரம் படித்தேன். நீ திட்டுகிறாய் என்றால் உடம்பு தேறுகிறது என்று அர்த்தம்.

வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மலையேறக் கற்றுக்கொடுக்கிற நம் மலைப்பள்ளியில் இந்த வருஷம் கூட்டம் அதிகம். தலைக்கு மேல் வேலை. கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்ததும் ஓடி வருகிறேன்.

அன்றைக்கு நடந்தது பெரிய கதை ஒன்றும் இல்லை. நீ முன்னால் ஏறிக்கொண்டிருந்தாய். கால் வைத்த பிடி உடைந்தது. விழுந்தாய். நான் கயிற்றைப் பிடித்தேன். அவ்வளவுதான்.

யாரோடு ஏறுகிறேன் என்று கேட்டாயே. புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். பேங்க்கில் வேலை. கவுன்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலி வந்து, மலைக்கு வந்தவள். நல்ல கை பலம். பேச்சுதான் அதிகம். போன ஞாயிற்றுக்கிழமை தெற்கு முகட்டில் பாதி வரை போய் வந்தோம்.

பையன் சொல்வதைக் கேள். விரலை அசை. உன் அண்ணியைப் பாடாய்ப் படுத்தாதே.

அன்புடன்,
குள்ளி


ஜூன் 22

அன்புள்ள குள்ளி,

உன் கடிதத்தை இரண்டு தரம் இல்லை, நாலு தரம் படித்தேன். ஒன்றும் சரியாகப் படவில்லை.

"அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறாய். சமையலறையில் தட்டு உடைந்தால்கூட அரை மணி நேரம் விவரிக்கிறவள் நீ. தட்டை யார் வைத்தார்கள், ஏன் ஓரத்தில் வைத்தார்கள், உடைந்தபோது பக்கத்து வீட்டு நாய் எப்படிக் குரைத்தது என்று எல்லாம் சொல்வாய். நான் விழுந்ததற்கு நாலு வாக்கியம்தானா? அதற்குள் எதை ஒளித்துவைத்திருக்கிறாய்?

உன் கையெழுத்து வேறு முத்து முத்தாக இருக்கிறது. மலைக்குப் போய் வந்தவள் எழுத்தா இது? பாறையைப் பிடித்துப் பிடித்து விரல் நுனி தோலுரிந்து, பேனாவைப் பிடிக்க முடியாமல் கோழி கிளறின மாதிரி எழுதுவாயே. எழுதிப் பார்த்து, அடித்துத் திருத்தி, நல்ல தாளில் நகல் எடுத்து அனுப்புகிறாய் போலிருக்கிறது. உண்மையைச் சொல்கிறவளுக்கு எதற்கு நகல்?

அந்தப் பேங்க்காரி என்ன உயரம்? என்ன வயசு? முன்னால் ஏறுகிறாளா, பின்னால் ஏறுகிறாளா? சும்மாதான் கேட்கிறேன்.

இந்த வீட்டிலும் என்னவோ நடக்கிறது. அண்ணிக்குப் போன் வந்தால் மாடிக்குப் போய்ப் பேசுகிறாள். நான் மாடிக்கு வர முடியாது என்ற தைரியம். யாரு அண்ணி என்று கேட்டால், "எங்க சித்திம்மா" என்கிறாள். அவளுக்குச் சித்தியே கிடையாது. அண்ணனைக் கேட்டால் அவன் எனக்கு ஆப்பிள் நறுக்கித் தருகிறான்.

கட்டை விரல் அசைகிறது. இது உனக்காக இல்லை.

நெட்டை


ஜூலை 6

அன்புள்ள நெட்டைக்கு,

நலமாக இருக்கிறாய் என்று உன் சந்தேகத்திலிருந்தே தெரிகிறது.

பேங்க்காரி என்னைவிட ஒரு சாண் உயரம். உன்னைவிட வயசு கம்மி, நன்றாகவே கம்மி. இப்போதெல்லாம் அவள்தான் முன்னால் ஏறுகிறாள். சொன்னால் வருத்தப்படாதே, அவள் கால் வைக்கிற அழகே அழகு. பூனை மாதிரி. போன வாரம் தெற்கு முகடு முழுவதும் ஏறி முடித்துவிட்டோம். மூன்றாம் வளைவில் அந்தத் துருப்பிடித்த ஆணியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினோம். உச்சியில் வெயில் பளிச்சென்று அடித்தது. உன்னை நினைத்துக்கொண்டேன். "அந்தக்கா இனிமே வர மாட்டாங்களா?" என்று அவள் கேட்டாள்.

நீ நடந்தால் போதும். நடப்பதே பெரிய விஷயம் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அன்புடன்,
குள்ளி


ஜூலை 17

குள்ளி,

பொய் சொல்கிறவளுக்கு ஞாபகசக்தி வேண்டும். உனக்கு அது எப்போதும் கிடையாது.

மூன்றாம் வளைவில் ஆணி ஏது? யாராவது அதை நம்பி விழுந்துவிடக் கூடாது என்று நாம் இரண்டு பேரும்தான் சுத்தியால் தட்டித் தட்டிக் கழற்றினோம். உன் கட்டை விரலில் அடிபட்டு, நகம் கறுத்து, ஒரு மாசம் என்னிடம் புலம்பினாய். ஆக, நீ தெற்கு முகட்டுக்குப் போகவே இல்லை. பழைய கதையை எடுத்துத் தூசி தட்டி எனக்கு அனுப்புகிறாய். அப்படியென்றால் உண்மையில் எங்கே போகிறாய்?

அதையும் கண்டுபிடித்துவிட்டேன். நீ எழுதியிருக்கிற தாளைப் பார். மெல்லிசாக, மடிப்பு மடிப்பாக, விளக்கு வெளிச்சத்தில் காட்டினால் அந்தப் பக்கம் தெரிகிற தாள். புது ஷூ டப்பாவுக்குள் ஷூவைச் சுற்றி வருமே, அந்தத் தாள். மோந்து பார்த்தேன். தோல் வாசனை. அண்ணியையும் மோந்து பார்க்கச் சொன்னேன், அவள் எனக்குத் தெரியவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஷூ கம்பெனிக்காரன் உனக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துவிட்டான். உனக்கும் அந்தப் பூனைக்கும். புது ஷூ, புதுக் கயிறு, செலவெல்லாம் அவர்களுடையது. அவ்வளவு செலவு செய்து அனுப்பக்கூடிய இடம் ஒன்றுதான் இருக்கிறது. வடக்குச் சுவர்.

நாம் ஏறக் கனவு கண்ட அந்தச் செங்குத்துப் பாறை, நம்முடைய வடக்குச் சுவர், குள்ளி. ஐந்து வருஷம் உன் சமையலறைச் சுவரில் அதன் போட்டோவை ஒட்டிவைத்து, எங்கே தங்குவது, எங்கே தூங்குவது என்று பென்சிலால் கோடு போட்டோமே. நான் முன்னால், நீ பின்னால் என்று சண்டை போட்டு முடிவுசெய்தோமே. நான் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது என் இடத்தை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டாய். எல்லாப் போட்டோவிலும் நான் இருக்கிறேன், எல்லாவற்றையும் எடுத்தது நீ. அது உனக்கு எப்போதும் உறுத்திக்கொண்டே இருந்ததோ?

அப்படியே அன்றைக்கு நடந்ததையும் யோசித்துப் பார்க்கிறேன். நாலே வாக்கியம். எனக்குப் பயமாக இருக்கிறது.

இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. போதும்.

நெட்டை


ஆகஸ்ட் 2

நெட்டைக்கு,

ஆமாம். வடக்குச் சுவருக்குப் போகிறோம். அடுத்த மார்ச்சில்.

இனி உன்னால் முடியாது என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு நாள்தான் காத்திருப்பது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

குள்ளி


அக்டோபர் 9

குள்ளிக்கு,

இரண்டு மாசமாக உனக்கு எழுதவில்லை. எழுத நேரம் இல்லை. ஏறிக்கொண்டிருந்தேன்.

முதலில் கட்டிலிலிருந்து கதவு. பிறகு கதவிலிருந்து மாடிப்படி. மாடியில் முதல் தடவை போய் நின்றபோது அண்ணி போனைக் கீழே போட்டுவிட்டாள். பிசியோ பையன் இப்போது, "மேடம், போதும், போதும்" என்று என் பின்னாலேயே ஓடி வருகிறான். ஊன்றுகோல் போய்க் கைத்தடி வந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை என்றார். இந்தத் தடவை அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே சொன்னார். உடற்பயிற்சிக்கூடத்தில் செயற்கைப் பாறைச் சுவர் ஒன்று இருக்கிறது. பிறந்தநாளுக்கு வருகிற குழந்தைகளுக்காகக் கட்டியது. அதில் டைனோசர் படம் போட்ட இடம் வரை ஏறிவிட்டேன். இறங்கும்போது வலி உயிர் போய்விட்டது. ஆனால் ஏறினேன்.

ஒவ்வொரு படியிலும் உன் பெயரைச் சொல்லித்தான் கால் வைத்தேன். நல்லபடியாக இல்லை.

பயண ஏற்பாட்டாளருக்கு எழுதினேன், மார்ச்சில் வடக்குச் சுவருக்கு என் பெயரையும் சேர்க்கச் சொல்லி. சந்தோஷம் என்று பதில் போட்டார். எனக்கு முன்னால் குள்ளியும் ஒரு பேங்க்காரியும் பெயர் கொடுத்திருப்பார்களே என்று கேட்டேன். அப்படி யாரும் கொடுக்கவில்லையே என்கிறார். அவரையும் உன் பக்கம் இழுத்துவிட்டாய் போலிருக்கிறது.

ஒளித்தது போதும். நேரில் வந்து பார்க்கிறேன்.

நெட்டை


நவம்பர் 15

குள்ளி,

வியாழக்கிழமை உன் ஊருக்கு வந்தேன். சொல்லாமல்தான் வந்தேன். உளவு பார்க்கத்தான் வந்தேன். அண்ணனைக் காரை ஓட்டச் சொல்லி, நான் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, பேங்க்காரியைக் கையும் களவுமாகப் பிடித்தால் என்ன கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

உன் வீடு பூட்டியிருந்தது. கீழ் வீட்டு அம்மாவிடம் மலைக்குப் போயிருக்கிறாளா என்று கேட்டேன். "மலைக்கா? அவங்க ஷூக்கடையிலதானே இருப்பாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல" என்றார்.

கடைக்கு எதிரே காரை நிறுத்தச் சொன்னேன். கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தேன். சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பருத்த மனிதரின் காலைச் சாய்பலகையில் வைத்து, ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாய். லேஸைக் கட்டினாய். முடிச்சைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாய். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, "சரி" என்றாய். உன் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது.

பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு தடவையும் தரையை விட்டுக் கிளம்புமுன் நீ என் இடுப்பு முடிச்சை அப்படித்தானே இழுத்துப் பார்ப்பாய். நான் உன்னுடையதை இழுத்துப் பார்ப்பேன். "சரி" என்று ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரு அடி ஏறினதில்லை. அந்த மனிதருக்கு என்ன தெரியும்? பணம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"இறங்கிப் போய்ப் பேசு" என்றான் அண்ணன். "வேணாம், வண்டிய எடு" என்றேன். வீட்டுக்கு வரும்வரை அழுதேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

வந்ததும் அண்ணியைப் பிடித்து உலுக்கினேன். எல்லாவற்றையும் கக்கிவிட்டாள். அந்தச் சித்தி நீதான். வாரா வாரம் போன் செய்து, நான் எழுந்தேனா, சாப்பிட்டேனா, எத்தனை படி ஏறினேன் என்று கேட்டிருக்கிறாய். பிசியோ பையனுக்கும் தெரியுமாம். "ஆமாம், போகிறோம்" என்ற கடிதம் வந்த அன்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதைச் சொன்னபோது, இன்னொரு தரம் சொல்லுங்க என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டாயாம்.

நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல். பேங்க்காரி யார்? நீ ஏன் ஏறுவதில்லை?

நெட்டை


நவம்பர் 24

அன்புள்ள நெட்டைக்கு,

பேங்க்காரி யாரும் இல்லை. உனக்கு முதல் கடிதம் எழுதும்போது கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன், எதிரே பேங்க் தெரிந்தது. எதிரே கறிக்கடை இருந்திருந்தால் நீ இத்தனை மாசம் ஒரு கசாப்புக்காரியோடு மல்லுக்கட்டியிருப்பாய்.

உன்னை எனக்குத் தெரியாதா? நீ ஆசையில் மலையேறினவள் இல்லை, ரோஷத்தில் ஏறினவள். உன்னால் முடியாது என்று யாராவது சொன்னால்தான் உனக்குக் கால் தரையில் நிற்காது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் உன்னிடம் அன்பாகப் பேசினார்கள். நீ படுத்தே கிடந்தாய் என்று உன் அண்ணி சொன்னாள். அப்போதுதான் தோன்றியது, உனக்கு யாராவது ஒரு துரோகி வேண்டும் என்று. வேறு யாரை அந்த வேலைக்கு அனுப்ப முடியும்? நம்பினவள் செய்தால்தானே உனக்கு உறைக்கும். அந்த ஆகஸ்ட் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து கடைக்குப் பின்னால் நின்று அழுதேன்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி நான் எழுதியதில் பொய் இல்லை. பிடி உடைந்தது, விழுந்தாய், பிடித்தேன். நீ எனக்குக் கீழே ஒரு திட்டில் மோதித் தொங்கினாய். கயிற்றைப் பாறையோடு கட்டிவிட்டேன். உன்னிடம் இறங்கி வர இன்னொரு கயிறு இல்லை. உதவி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நீ என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். "குள்ளி, இருக்கியா?" என்றாய். "இருக்கேன்டி" என்றேன். மறுபடி கேட்டாய், மறுபடி சொன்னேன். தொண்டை கட்டும்வரை சொன்னேன். அப்புறம் ஒரு நேரத்தில் நீ கேட்பதை நிறுத்திவிட்டாய்.

கயிறு கட்டியிருந்தது. நான் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். மீட்புக்கு வந்தவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "உசுரோடதான்மா இருக்காங்க, விடுங்க" என்றார். அவர் சொன்னது காதில் விழுந்தது, கை கேட்கவில்லை.

அதன் பிறகு கயிற்றைத் தொட்டால் உன் சத்தம் நின்றுபோனதுதான் கேட்கிறது. இரண்டு தரம் மலைப்பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். முடிச்சுப் போடக் கை வரவில்லை. நீ விழுந்தாய், எழுந்துவிட்டாய். நான் விழவே இல்லை, எனக்கு எப்படி எழுவது என்று தெரியவில்லை. ஷூக்கடையில் வேலை நன்றாகத்தான் இருக்கிறது. முதலாளி தங்கமான மனுஷர்.

மார்ச்சில் நீ போ. நீதான் போக வேண்டும். நல்ல ஆளாக யாரையாவது சேர்த்துக்கொள். உன் காலைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை, அதனால்தான் வரவில்லை. நீயும் வராதே.

குள்ளி


டிசம்பர் 1

என் குள்ளிக்கு,

உன் கடிதத்தை வழக்கம்போல இரண்டு தரம் படித்தேன். எங்கே மழுப்பியிருக்கிறாய் என்று தேடினேன். கடைசி வரியில்தான் கிடைத்தது. "நீயும் வராதே" என்பதை நான் நம்பவில்லை.

உன்னைக் கூப்பிட்டது எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. ஆனால் நீ பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாய். அதனால்தான் நானும் கேட்டுக்கொண்டே இருந்திருப்பேன். அண்ணியிடம் இந்தப் பகுதியை வாசித்துக் காட்ட முயற்சி செய்தேன், முடியவில்லை. கோபமும் வந்தது. என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு நீ போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாயே, அதற்கு. இத்தனை மாசம் உன்னைச் சந்தேகப்பட்டேன், சந்தேகப்பட வேண்டிய ஒரே விஷயத்தை மட்டும் கோட்டைவிட்டேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று ஒரு தரம்கூடச் சந்தேகப்படவில்லை.

ஏற்பாட்டாளருக்கு எழுதி மார்ச்சிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். தியாகம் கியாகம் என்று கிளம்பிவிடாதே. நல்ல ஆளாகச் சேர்த்துக்கொள் என்கிறாயே, யாரைச் சேர்ப்பது? உன்னையே இவ்வளவு சந்தேகப்பட்டவள், வேறொருத்தி என் முடிச்சைத் தொட விடுவேனா? வடக்குச் சுவர் எங்கேயும் ஓடிப்போகாது. நீ வருகிற வருஷம் போவோம். வராமலே போனால் போகாமலே இருப்போம். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

இப்போது எனக்கு வேறு ஒரு காரியம் ஆக வேண்டும். வீக்கம் வற்றி, எலும்பு கூடி, என் இடது கால் வலது காலைவிட ஒரு சைஸ் சின்னதாகிவிட்டது. பழைய ஷூ எதுவும் சேரவில்லை, உள்ளே துணி அடைத்துக்கொண்டு நடக்கிறேன். இரண்டு சைஸில் ஒரு ஜோடி வேண்டும். மலைக்கு இல்லை, தெருவில் நடக்க. திங்கட்கிழமை உங்கள் கடைக்கு வருகிறேன். தழும்பு கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். காலைக் கையில் எடுத்து, அளவு பார்த்து, மாட்டிவிடுவது உன் வேலை. வாடிக்கையாளரை வராதே என்று சொல்கிற உரிமை உனக்கு இல்லை. வேண்டுமானால் உன் முதலாளியைக் கேட்டுப் பார்.

உன்,
நெட்டை


டிசம்பர் 5

நெட்டை,

கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். நீ ஒன்பதுக்கே வந்துவிடு. ஷட்டரைப் பாதி தூக்கிவைத்திருப்பேன், குனிந்து வா, தலையை இடித்துக்கொள்ளாதே.

இடது காலை முதலில் காட்டு.

குள்ளி